கையின் மொழியும் மூளையின் இடப்பக்கமும்

மட்டாஞ்சேரியிலும் ஃபோர்ட் கொச்சியிலும் மாலை நேரங்களில் பயணியருக்காகக் கதகளி ஆடப்படுகிறது. அதன் கைம்முத்திரைகளுக்கு இலக்கணமாகக் கொள்ளப்படும் ‘ஹஸ்தலக்ஷண தீபிகை’ 24 அடிப்படை முத்திரைகளை வகுத்துரைக்கிறது. அதே மாநகரின் மறுமுனையில், களமசேரி மெட்ரோ நிலையத்தில், காது கேளாத நண்பர் இருவர் கைகளால் உரையாடுவதைக் காண்போரில் பலர், அதையும் முத்திரையின் எளியதொரு வடிவம் என்றே எண்ணக்கூடும். இரண்டிலும் இயங்குவது கைதான். ஆயினும் முத்திரை, பாடப்படும் பதத்தைத் தழுவி நடக்கும் கலைக்குறியீடு; தொட்டிலில் கிடக்கும் குழந்தை எதுவும் அதை முதல் மொழியாகக் கற்பதில்லை. சைகை மொழியோ சிலருக்குத் தாய்மொழி. இவ்வேறுபாட்டை அறிவுலகம் ஏற்பதற்கு ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு பிடித்தது. அந்தத் தாமதத்தின் விலையைச் செலுத்தியவர்கள் காது கேளாத குழந்தைகள்.

1861இல் பால் புரோக்கா, பேச்சிழந்த நோயாளி ஒருவரின் மூளையை ஆராய்ந்து, இடது முன்மடலில் ஏற்பட்ட சிதைவைப் பேச்சிழப்புடன் தொடர்புபடுத்தினார். 1874இல் கார்ல் வெர்னிக்கே, பொருள் உணர்தல் குலைவதை இடது பொட்டு மடலின் பின்பகுதியோடு இணைத்தார். முன்னது வாயை இயக்கும் பகுதிக்கு அருகில் உள்ளது; பின்னது ஒலியை ஏற்கும் பகுதிக்கு அருகில் உள்ளது. ஆகவே மொழி என்பது செவிக்கும் நாவுக்கும் உரியது என்ற கருத்து இயல்பாகவே வேரூன்றியது. 1878இல் ஹூலிங்ஸ் ஜாக்சன் மட்டும், மூளை நோயினால் காது கேளாதவர் தம் சைகைகளையும் இழக்கக்கூடும் என்று எழுதினார். அவ்வூகத்தைச் சோதிக்க அன்று எவரும் முற்படவில்லை.

மாறாக, 1880இல் மிலான் நகரில் கூடிய காது கேளாதோர் கல்வி மாநாடு, பள்ளிகளில் சைகையை விலக்கி வாய்ப்பேச்சு முறையையே கைக்கொள்ளவேண்டும் என்று தீர்மானித்தது. அங்கே கூடிய 164 பேராளர்களில் காது கேளாதவர் ஒருவரே. இந்தியாவில் பம்பாய்ப் பள்ளி 1885இலும் கல்கத்தாப் பள்ளி 1893இலும் தொடங்கப்பட்டன. அந்நூற்றாண்டின் இறுதியில் பாளையங்கோட்டையில் ஃபிளாரன்ஸ் ஸ்வெயின்சனின் பள்ளி உருவாயிற்று. பின்வந்த பத்தாண்டுகளில் நாட்டின் பெரும்பாலான பள்ளிகளில் வாய்ப்பேச்சு முறையே கொள்கையாக நிலைபெற்றது. வகுப்பறையில் விலக்கப்பட்ட சைகை, விடுதியிலும் விளையாட்டுத் திடலிலும் பிள்ளையிடமிருந்து பிள்ளைக்குக் கைமாறி உயிர் பிழைத்தது.

1960இல் கலூடெட் கல்லூரியின் வில்லியம் ஸ்டோக்கி, அமெரிக்கச் சைகைகள் கைவடிவம், இடம், அசைவு ஆகிய கூறுகளாகப் பகுபடுவதைக் காட்டினார். சொல்லுக்கு ஒலியன்கள் எவ்வாறோ, சைகைக்கு இக்கூறுகள் அவ்வாறு. இந்தியாவில் இத்தகைய ஆய்வு 1970களின் பிற்பகுதியில் தொடங்கியது. மதன் வசிஷ்டா, ஜேம்ஸ் வுட்வர்டு, கர்க் வில்சன் ஆகியோர் நூற்றுக்கும் மேற்பட்ட பள்ளிகளுக்கு வினாப்பட்டியல் அனுப்பினர். இந்தியாவில் சைகை மொழி என ஒன்று இல்லை, பிள்ளைகள் ஏதோ சாடை காட்டுகின்றனர் என்பதே ஏறக்குறைய எல்லாருடைய விடையுமாக இருந்தது. ஆனால் தில்லி, கல்கத்தா, பம்பாய், பெங்களூர் ஆகிய நகரங்களில் திரட்டிய சைகைகளை ஒப்பிட்டபோது, அவற்றுட் பெரும்பகுதி தம்முள் உறவுடையன என்று தெரியவந்தது. பின்னர் உல்ரிகே செஷான் இதன் இலக்கணத்தை விரித்தெழுதினார். வினாச்சொல் தொடரின் இறுதியில் வருகிறது; எதிர்மறைக் குறி பயனிலைக்குப் பின் நிற்கிறது. ‘வரவில்லை’ என்பதில் எதிர்மறையை இறுதியில் வைக்கும் தமிழருக்கு இவ்வமைப்பு அந்நியமன்று.

இலக்கணம் உண்டெனில் அதற்கு மூளையில் இடமும் உண்டா? கலிபோர்னியாவின் சால்க் நிறுவனத்தைச் சேர்ந்த போய்ஸ்னர், கிளிமா, பெலூஜி ஆகிய மூவரும், மூளை பாதிப்புக்குள்ளான காது கேளாத சைகையாளர் அறுவரை ஆராய்ந்து 1987இல் நூலாக வெளியிட்டனர். இடது அரைக்கோளம் பழுதுற்ற மூவருக்குச் சைகை மொழி குலைந்திருந்தது. அவர்களுள் ஒருவர் புரோக்காவின் நோயாளியரைப் போலவே திக்கித் தனிச்சொற்களாகச் சைகை செய்தார். அவருடைய கைகள் செயலிழந்திருந்தமை அதற்குக் காரணமன்று. வலது அரைக்கோளம் பழுதுற்றவர்களுள் ஒருவர் ஓவியர். அவரால் முன்போல் வரைய இயலவில்லை. சைகை மொழியோ சீராக இருந்தது. இடவெளியைக் கொண்டு இயங்கும் மொழி, இடவெளி உணர்வு சிதைந்த பின்னும் பிழைத்திருந்தது.

1992இல் டேவிட் கொரீனாவும் உடனாய்வாளரும் விவரித்த நோயாளி, முத்திரை பற்றிய வினாவுக்கு இன்னும் நெருங்கி வருகிறார். இடது மூளை பழுதுற்ற அவரால் சைகைச் சொற்களை உரியவாறு ஆக்கவும் உணரவும் இயலவில்லை. அதே பொருளை ஊமை நடிப்பாகக் காட்டவும் பிறர் காட்டுவதைப் புரிந்துகொள்ளவும் இயன்றது. சாடை வேறு, சொல் வேறு என்பதற்கு இதனினும் தெளிவான சான்று அரிது. 2000இல் லாரா-ஆன் பெத்தித்தோ குழுவினர் அமெரிக்க, கியூபெக் சைகை மொழியாளரின் மூளையைப் படமெடுத்தபோது, ஒலிக்கே உரியதெனக் கருதப்பட்ட மேற்பொட்டுப் புறணி, ஒலியே அறியாதவர்களிடத்தும் சைகையின் கூறுகளுக்கு இயங்கியது. வலது அரைக்கோளமும் பங்கேற்பதாக வேறு ஆய்வுகள் காட்டியுள்ளன. அப்பங்கின் அளவு குறித்த விவாதம் தொடர்கிறது. எனினும் இடது மூளையின் மொழிப்பகுதிகள் செவிக்கு மட்டுமே கட்டுப்பட்டவை அல்ல என்பது உறுதியாயிற்று.

இவ்வரலாற்றில் எளிதில் கண்ணுக்குத் தப்பும் செய்தி ஒன்று உண்டு. மேற்கண்ட மூளைப்பட ஆய்வுகள் பெரிதும் சார்ந்திருப்பது, சைகை பேசும் வீட்டில் பிறந்து வளர்ந்தவர்களை. காது கேளாத பிள்ளைகளில் பத்தில் ஒன்பதுக்கும் மேற்பட்டோர் கேட்கும் திறனுள்ள பெற்றோருக்கே பிறக்கின்றனர். ‘தாய்மொழிச் சைகையாளர்’ என்ற ஆய்வுச்சொல் சிறுபான்மையினுள்ளும் சிறுபான்மையைக் குறிக்கிறது. ஏனையோர் நிலை என்ன? எலிசா நியூபோர்ட் 1990இல், பிறப்பு முதல், 4 முதல் 6 வயதுக்குள், 12 வயதுக்குப் பின் எனச் சைகை கற்ற மூவகையினரை ஒப்பிட்டார். அனைவரும் பல பத்தாண்டுகளாக அம்மொழியிலேயே வாழ்ந்தவர்கள். சொல்வரிசை எல்லாருக்கும் கைவந்திருந்தது. வினையின் நுண்ணிய உருபமைப்பு, கற்கத் தொடங்கிய வயது ஏற ஏறத் தேய்ந்தது. ரேச்சல் மேபெரி குழுவினரின் 2011ஆம் ஆண்டு ஆய்வு இதனை மூளையிலேயே காட்டியது: முதல் மொழி தாமதிக்கத் தாமதிக்க இடது முன்மடலின் இயக்கம் குறைந்து, பின்புறக் காட்சிப் பகுதிகளின் இயக்கம் மிகுந்தது.

2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் கேட்டல் குறையுடையோர் 50 லட்சத்துக்கும் மேற்பட்டோர். இந்திய சைகை மொழி ஆய்வு மற்றும் பயிற்சி மையம் 2015இல்தான் நிறுவப்பட்டது; ஆசிரியர்களுக்குச் சைகை மொழிப் பயிற்சி அளிக்கவேண்டும் என்பது 2016ஆம் ஆண்டுச் சட்டத்தில்தான் இடம்பெற்றது. கேரளத்தில் 1997இல் தோன்றிய திருவனந்தபுரத்து ‘நிஷ்’ நிறுவனம் காது கேளாத மாணவருக்குப் பட்டப்படிப்பு நடத்துகிறது. 2012இல் தொடங்கிய ‘ஸ்ருதிதரங்கம்’ திட்டம் இளங்குழந்தைகளுக்குச் செவிநத்தை உள்வைப்புக்கு உதவுகிறது. இவ்விரு பாதைகளும் ஒன்றுக்கொன்று பகையல்ல. உள்வைப்பு பொருத்திய பின்னும் கேட்கப் பழகுவதற்கு மாதங்களும் ஆண்டுகளும் வேண்டும். அதன் பயனும் குழந்தைக்குக் குழந்தை வேறுபடும். அந்த இடைவெளியில் மூளை மொழிக்காகக் காத்திராது.

ஆகையால், சைகை கற்றால் பேச்சு வராது என்று பெற்றோரிடம் கூறப்படும் அறிவுரை மறு ஆய்வுக்குரியது. மூளை கேட்பது ஒலியை அன்று, மொழியை. அது செவி வழி வரினும் கண் வழி வரினும் ஏற்கும். உரிய காலத்தில் வரவேண்டும் என்பதே அதன் நிபந்தனை. காது கேளாத பிள்ளையின் தாய்க்கும் தந்தைக்கும் முதல் ஆண்டிலேயே சைகை கற்பிக்கும் வகுப்பு ஒவ்வொரு மாவட்டத்திலும் அமையுமானால், இன்று ஆய்வுக்கூடங்கள் தேடி அலையும் ‘தாய்மொழிச் சைகையாளர்’ நாளை அரியவராக இருக்கமாட்டார்.