ரெண்டு நூல் உள்ளே

"ரெண்டு நூல் உள்ளே இருக்கு சார். தம்பி நாலு கேக்கிறாரு. நாலு வச்சா ரோட்டுல டயரைத் தின்னுடும், பரவாயில்லையா?"

மைசூர் தேவராஜ மொஹல்லாவில், மார்க்கெட்டுக்குப் பின்பக்கச் சந்து ஒன்றில், அக்கா மகனின் காருக்கு முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்த மேஸ்திரி கேட்டார். மூன்று தலைமுறையாக மைசூர்வாசி. வாடிக்கையாளரிடம் கன்னடம், பையனை விரட்ட உருது, அளவு சொல்லத் தமிழ். கார் சாதாரண ஹேட்ச்பேக்தான். ஆனால் அக்கா மகன் ஸ்பிரிங்கைத் தாழ்த்தி, ஷாக் அப்சார்பரை மாற்றி, அதைப் பந்தயக் காராக்கும் தவத்தில் இருக்கிறான். கோயம்புத்தூர் செட்டிபாளையத்தில் 2003 முதல் இயங்கும் கரி மோட்டார் ஸ்பீட்வேயில் ஒருநாள் ஓட்டிப் பார்க்க வேண்டுமாம். அதற்காகத்தான் முன்சக்கரங்களின் தலையை உள்பக்கம் சாய்க்கும் இந்த வேலை. பட்டறைத் தமிழில் அதற்குப் பெயர் காம்பர்.

எனக்குக் காரைவிட மேஸ்திரியின் வாயில் வந்த 'நூல்'தான் சுவாரசியம். தச்சர், கொல்லர், மெக்கானிக் எல்லோருக்கும் நூல் என்பது ஓர் அளவு. அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு. அரை அங்குலக் கம்பியை 'நாலு நூல் கம்பி' என்றுதான் கடையில் கேட்பார்கள். வடக்கே இதே அளவுக்கு 'சூத்' என்று பெயர். அதற்கும் நூல் என்றே பொருள். மேஸ்திரியின் கணக்கைச் சரிபார்த்தேன். ரிம்மின் மேல் விளிம்புக்கும் கீழ் விளிம்புக்கும் இடையே சுமார் 400 மி.மீ. அந்த உயரத்தில் ஒரு டிகிரி சாய்வு என்றால் மேலும் கீழும் 7 மி.மீ. வித்தியாசம். இரண்டு நூல் 6.35 மி.மீ. அதாவது ஏறக்குறைய ஒரு டிகிரி. நாலு நூல் இரண்டு டிகிரிக்குச் சற்றுக் குறைவு. கணினித் திரை இல்லாமல், குந்தியிருந்த இடத்திலேயே மனிதர் டிகிரி பேசியிருக்கிறார்.

இதற்கு முன்பு அக்கா மகன் கணினி அலைன்மென்ட் செய்கிற ஓர் இடத்துக்குப் போயிருந்தான். பெயர் வேண்டாம். எல்லாக் கட்டமும் பச்சையாக அச்சடித்த தாளைக் கொடுத்து அனுப்பினார்கள். வண்டி இடப்பக்கம் இழுத்துக்கொண்டே வீடு வந்தது.

மேஸ்திரி செய்ததைச் சொல்கிறேன். சமதரையில் காரை நிறுத்தி, நான்கு மூலையிலும் இரும்பு ஸ்டாண்டு வைத்தார். இரண்டு பக்கமும் சக்கர மையத்தின் உயரத்தில் வெள்ளைப் பருத்தி நூலை இழுத்துக் கட்டினார். மார்க்கெட்டில் பூ கட்டுகிறவர்கள் வாங்குகிற அதே நூல். உருண்டை அவர் சட்டைப் பையில் இருந்தது. இடத்து நூலும் வலத்து நூலும் காரின் நடுக்கோட்டுக்கு இணையாக வரும்வரை ஸ்டாண்டுகளை மயிரிழை மயிரிழையாக நகர்த்தினார். பொறுமை தேவைப்படுவது இங்கேதான், அரைமணி நேரம் போயிற்று. பிறகு எஃகு அளவுகோலை வைத்து, நூலிலிருந்து ரிம்மின் முன்விளிம்பு எவ்வளவு தூரம், பின்விளிம்பு எவ்வளவு தூரம் என்று பார்த்தார். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் டோ. காம்பருக்கு, கொத்தனார் வைத்திருக்கிற தூக்குக்குண்டை மட்கார்டிலிருந்து தொங்கவிட்டு, நூலுக்கும் ரிம்மின் மேல் கீழ் விளிம்புகளுக்கும் உள்ள இடைவெளியை அளந்தார். குண்டு ஆடி நிற்கும்வரை பையன் மூச்சுவிடாமல் பிடித்திருந்தான்.

கடை வாசலில் கன்னட எழுத்தில் 'வீல் அலைன்மென்ட்' என்று போட்டிருந்தது. அந்த இங்கிலீஷ் சொல்லைப் பிரித்தால் உள்ளேயும் நூல்தான். பிரெஞ்சில் 'அலின்யே' என்றால் வரிசையில் நிறுத்துவது. அதற்குள் இருப்பது 'லின்ய', அதாவது கோடு. அதற்கும் பின்னால் லத்தீனின் 'லினியா'. லினியாவுக்கு முதற்பொருள் கோடு அல்ல, ஆளிச்செடி நாரில் திரித்த நூல். ஆளிக்கு லத்தீனில் 'லீனும்'. லினன் துணி அங்கிருந்து வந்தது. சட்டைக்கு உள்ளே தையல்காரர் வைக்கிற லைனிங்கும் அங்கிருந்துதான், ஆதியில் லினனை வைத்துத் தைத்ததால். ரோமானியத் தச்சன் மரத்தின்மேல் நாரை இழுத்துப் பிடித்தான், நார் கோடானது, கோடு வரிசையானது, வரிசை தேவராஜ மொஹல்லாவில் போர்டாகத் தொங்குகிறது. கீழே மேஸ்திரி பழையபடி நூலையே கட்டிக்கொண்டிருக்கிறார்.

தமிழ் இந்தப் பயணத்தில் நூலைக் கைவிடவே இல்லை. நேராக இருப்பதை 'நூல் பிடித்தாற்போல' என்கிறோம். கன்னடத்திலும் 'நூலு' உண்டு. வீல் அலைன்மென்டைச் சிலர் 'சக்கரச் சீரமைப்பு' என்று எழுதுகிறார்கள். சீர் வந்தது, நூல் அறுந்துவிட்டது. 'நூல்பிடிப்பு' என்று யாராவது சொல்லியிருந்தால் மேஸ்திரிக்குக்கூட உடனே புரிந்திருக்கும். எல்லா இடத்திலும் தமிழன் நூலைப் பிடித்தான் என்று பெருமையடிக்கவும் முடியாது. போல்ட்டின் புரியை இங்கிலீஷ்காரன் நூல் என்றே சொல்கிறான். நம் பட்டறைக்கு அது 'மரை'. மரை கழன்றவர்களைப் பற்றி நாம் வேறு விதமாகப் பேசுகிறோம்.

எழுதப்பட்ட புத்தகத்துக்கும் நூல் என்று ஏன் பெயர் வந்தது என்பதற்குப் பவணந்தி முனிவர் நன்னூலின் பாயிரத்தில் காரணம் சொல்கிறார். மரத்தின் கோட்டத்தைத் தச்சன் நூல் தீர்ப்பதுபோல மனிதரின் மனக்கோட்டத்தைத் தீர்ப்பதால் அது நூல். அவரை எழுதச் சொன்ன சீயகங்கன் கங்க மரபில் வந்த சிற்றரசன். பதின்மூன்றாம் நூற்றாண்டின் தொடக்கம் என்பார்கள். அந்த மரபின் பழைய தலைநகர்களில் ஒன்றான தலக்காடு காவிரிக்கரையில், மைசூரிலிருந்து காரில் ஒரு மணி நேரச் சொச்சம். தமிழ் இலக்கணத்துக்குத் தச்சன் நூலை உவமையாகத் தந்த புத்தகத்தின் பின்னால் நின்றது, பின்னாளில் மைசூர் என்றான நாட்டின் அரச மரபு. தேவராஜ மொஹல்லாவில் நின்று நன்னூலை நினைப்பதற்கு இது போதும்.

ஆனால் ஒரு முரண். பவணந்தியின் தச்சன் நூல் பிடித்துக் கோட்டத்தை எடுக்கிறான். எங்கள் மேஸ்திரி நூல் பிடித்துக் கோட்டத்தை வைக்கிறார்.

காம்பர் என்ற சொல்லே கோட்டம்தான். பதினேழாம் நூற்றாண்டில் இங்கிலீஷ் கப்பல்காரர்கள், நடுவில் மேடிட்ட மேல்தளத்தையும் வளைந்த உத்தரத்தையும் காம்பர் என்றார்கள். தண்ணீர் வழிய நடு உயர்ந்த சாலைக்கும் அதே பெயர். பொதுப்பணித்துறை இன்ஜினீயர்கள் இன்றும் சொல்வது. இடப்பக்கமே ஓட்டுகிற நம் ஊரில் கார் இடப்பக்கம் சாய்ந்து இழுப்பதற்கு அந்தச் சாலைக் காம்பரும் ஒரு காரணம். பச்சைத் தாளுக்கு அது தெரியாது. சொல்லின் வேரைத் தோண்டினால் பழைய பிரெஞ்சில் 'காம்ப்ர', வளைந்தது. அதற்கும் அடியில் லத்தீனில் 'கமுருஸ்', உள்நோக்கி வளைந்தது. கி.மு. முதல் நூற்றாண்டில் ரோமக் கவி வெர்ஜில், உழவைப் பற்றிய தன் காவியத்தில் நல்ல தாய்ப்பசுவுக்கு அங்க லட்சணம் சொல்லும்போது, அதன் கொம்புக்கு இந்த அடைமொழியைத்தான் போடுகிறார்.

கொம்பு என்றதும் நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். தமிழில் கொம்புக்கு இன்னொரு பெயர் கோடு. யானைத் தந்தமும் கோடு, மரக்கிளையும் கோடு, மலையுச்சியும் கோடு. திருச்செங்கோட்டில் இருப்பது அதுதான். கோடுதல் என்றால் வளைதல். கோட்டம் என்றால் வளைவு. லத்தீனில் மாட்டுக்கொம்பை வருணித்த வளைவு எங்கே வந்து நின்றதோ, அங்கே தமிழிலும் கொம்பும் வளைவும் ஒரே ஒலியில் நிற்கின்றன. சொல்லுறவு எதுவும் கிடையாது. இரண்டு ஊர் உழவர்களும் மாட்டைப் பார்த்தார்கள், அவ்வளவே. அந்த மாடு எப்படி இருக்கும் என்று மைசூர்க்காரருக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஹள்ளிகார் காளையின் கொம்புகள் தலையுச்சியில் நெருங்கிப் பிறந்து, பின்னால் போய், பாதி வழியில் முன்னோக்கித் திரும்பி, நுனியில் சற்று உள்வாங்கும். வெர்ஜில் பார்த்திருந்தால் இன்னும் நாலு வரி எழுதியிருப்பார்.

நாம் பள்ளிக்கூடத்தில் ஸ்கேல் வைத்துப் போடுகிறோமே, அதுவும் கோடுதான். வளைவுக் கோடும் வரைகிற கோடும் ஒரே சொல்லா, ஒலி மட்டும் ஒன்றான இரு சொற்களா என்பதில் அறிஞர்கள் ஒத்துப்போவதில்லை. எப்படியானாலும் 'நேர்க்கோடு' என்று சொல்லும்போது நேரும் கோணலும் ஒரே மூச்சில் வந்துவிடுகின்றன.

பந்தயக் காருக்கு ஏன் கோட்டம்? திருப்பத்தில் வேகமாகப் போனால் உடல் வெளிப்பக்கம் சாய்கிறது. பாரம் முழுக்க வெளிச்சக்கரத்தில் இறங்குகிறது. நம் கார்களில் பெரும்பாலானவற்றின் முன்பக்கம் இருக்கும் மெக்ஃபர்சன் ஸ்ட்ரட் அமைப்பில், அந்தச் சமயம் சக்கரமும் உடலோடு வெளியே சாய்ந்து, டயர் வெளித்தோளில் நிற்கிறது. முன்கூட்டியே தலையை உள்ளே சாய்த்து வைத்திருந்தால், திருப்பத்தில் அது நிமிர்ந்து, ரப்பர் முழு அகலத்துக்கும் தரையைக் கவ்வும். நேர்ச்சாலையில் அதற்கு வட்டி கட்ட வேண்டும், உள்தோள் தேயும்.

மாட்டு வண்டி, குதிரை வண்டி காலத்தில் சாய்வு மறுபக்கம். ஐரோப்பிய கோச்சு வண்டிச் சக்கரம் தட்டுபோலக் குழிந்தது, பக்கவாட்டு உதைப்பைத் தாங்குவதற்காக. அச்சின் முனையைச் சற்றுக் கீழே வளைத்தார்கள், பாரம் தாங்கும் அடி ஆரக்கால் செங்குத்தாக நிற்க. அதனால் சக்கரத்தின் தலை வெளியே விரியும். பழைய மோட்டார்களும் அப்படியே விரிந்து நின்றன. அகன்ற டயரும் வேகமும் வந்தபின்தான் தலை உள்ளே வந்தது.

காம்பரின் சொந்தக்காரர்கள் வேறு பக்கமும் பரவியிருக்கிறார்கள். வளைந்த கூரை கொண்ட அறைக்கு லத்தீனில் 'கமெரா'. கமுருஸுக்கு இது உறவு என்று சில அகராதிகள் சொல்கின்றன. கேமரா, சேம்பர், ஹிந்தியின் கம்ரா எல்லாம் அதன் வழி. ஒரே அறையில் தங்கியவன் காம்ரேட். இலங்கை மலையகத் தேயிலைத் தோட்டங்களில் நம் மக்கள் வாழ்ந்த, இன்றும் வாழ்கிற வரிசை வீட்டின் அறைக்குப் பெயர் 'லயன் காம்பரா'. லயன் என்பது இங்கிலீஷ் லைன். காம்பரா போர்த்துகீசிய அறை. அலைன்மென்டின் வேரும் காம்பரின் உறவும் பத்துக்குப் பன்னிரண்டு அடியில் ஒரு குடும்பத்தை அடைத்த கூடத்தில் சந்தித்துக்கொண்டன. சொல்லாராய்ச்சியில் சில சமயம் சிரிப்பு பாதியில் நின்றுவிடும்.

அலைன்மென்டின் மற்ற இரண்டு சொற்களான டோ, கேஸ்டர் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. டோ கால்விரல், பெருவிரல் உள்வாங்கி நடப்பவனைப் பார்த்து வைத்த பெயர். கேஸ்டர் நாற்காலிக்காலில் சுழலும் குட்டிச் சக்கரத்தின் பெயர். திருப்பத்தில் உள்சக்கரம் வெளிச்சக்கரத்தைவிட அதிகம் திரும்பும் ஏற்பாட்டுக்கு 'ஆக்கர்மன்' என்கிறார்கள். கண்டுபிடித்தவர் மியூனிக்கில் வண்டி கட்டிய லாங்கென்ஸ்பெர்கர். 1818இல் லண்டனில் அவருக்காகக் காப்புரிமை வாங்கிய ஏஜென்டின் பெயர் நிலைத்துவிட்டது. ஆக்கர்மன் என்றால் ஜெர்மனில் உழவன். மாட்டுக்கொம்பிலிருந்து நாம் அதிக தூரம் வரவில்லை.

இந்தச் சந்து இருக்கிற இடத்தின் பெயரையும் விட மனமில்லை. தேவராஜ மார்க்கெட்டின் தேவராஜர் உடையார் மரபு அரசர். பக்கத்துத் தேவராஜ அர்ஸ் சாலையின் தேவராஜர் 1970களில் முதலமைச்சராக இருந்தவர். வெளியூர்க்காரர்கள் இருவரையும் ஒருவராக்கிவிடுவார்கள். மொஹல்லா அரபுச் சொல். 'ஹல்ல' என்றால் முடிச்சை அவிழ்ப்பது. பயணி சுமையின் கட்டை அவிழ்த்து இறங்குவது. இறங்குகிற இடம் மஹல்லா. மஹால் அதன் உடன்பிறப்பு. 1921இல் நான்காம் கிருஷ்ணராஜ உடையார் கட்டத் தொடங்கிய லலித மஹால், மதுரையில் திருமலை நாயக்கர் மஹால், நம் ஊர்க் கல்யாண மஹால் எல்லாம் அதன் வழி. வெண்ணெய்ச் சாவடி என்றிருந்த அரசு மாட்டுப்பண்ணைக்குத் திப்பு வைத்த 'அம்ருத் மஹால்' என்ற பெயரிலும் அதுவே. அந்த மாடுகளுக்கும் ஹள்ளிகார்க் கொம்புதான்.

மேஸ்திரி முடிச்சை அவிழ்க்கும் வேலைக்கு வந்திருந்தார். ஸ்ட்ரட்டின் அடியில் இரண்டு போல்ட்டில் மேல் போல்ட்டைத் தளர்த்தி, அதற்குப் பதில் நடுவில் கோணலாகச் செய்த காம்பர் போல்ட்டை நுழைத்தார். ஸ்பேனரை அவர் அரை அங்குலம் திருப்ப, சக்கரத்தின் தலை ஒரு நூல் உள்ளே வந்தது. காம்பரைத் தொட்டால் டோ கலையும். அதனால் டை ராடின் லாக் நட்டைக் கடைசியில்தான் தொட்டார். நாலு நூலில் நிறுத்தி, "போய்ட்டு வாங்க தம்பி. திம்பத்துல நிதானம்" என்றார்.

சாம்ராஜ்நகர், ஆசனூர் வழியாகத் திம்பம் இறங்கினால் 27 கொண்டை ஊசி வளைவுகள். அக்கா மகன் இறங்கி, செட்டிபாளையத்தில் நாள் முழுக்க ஓட்டிவிட்டு, மூன்று வாரம் கழித்து என்னையும் கூட்டிக்கொண்டு மறுபடி அந்தச் சந்துக்கு வந்தான். "திருப்பத்துல ரயில் தண்டவாளம் மாதிரி போகுது மாமா" என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தான். மேஸ்திரி பதில் பேசவில்லை. உள்ளங்கையை டயரின்மேல் வைத்து வெளியிலிருந்து உள்ளே தடவினார். பிறகு உள்ளிருந்து வெளியே. டோ கெட்டிருந்தால் ஒரு திசையில் வழவழ, மறுதிசையில் ரம்பப் பல். அது இல்லை. உள்தோளில் மட்டும் இரண்டு விரல் அகலத்துக்குப் பட்டை மழுங்கியிருந்தது.

"உள்பக்கம் சாப்பிட ஆரம்பிச்சிருக்கு. ஒரு நூல் வெளியே எடுத்துடலாம்" என்று சட்டைப் பையில் கைவிட்டார். உருண்டை தீர்ந்துபோயிருந்தது. பையன் பூக்கடைப் பக்கம் ஓடினான்.