ஜொகூரில் அபின்வகைப் போதைப் பழக்கமும் சிகிச்சையும்

அபின், அதிலிருந்து எடுக்கப்படும் மார்பின், கோடீன், மார்பினிலிருந்து செய்யப்படும் ஹெராயின், ஆய்வுக்கூடத்தில் உருவாகும் டிரமடால், ஃபெண்டனில் ஆகிய அனைத்தும் ஓபியாய்டுகள், அதாவது அபின்வகைப் பொருள்கள். மலேசியாவின் தென்கோடியில் உள்ள ஜொகூர் மாநிலத்தில் இவற்றின் கதை ஏறத்தாழ 180 ஆண்டு நீளமுடையது. அதில் பாதிக்கு மேற்பட்ட காலம் அபின் குற்றமாக இருக்கவில்லை. அரசுக்கு வருமானமாக இருந்தது.

1844 முதல் ஜொகூரை ஆண்ட தெமெங்கோங் இப்ராஹிம், ஆற்றங்கரைக் காடுகளைத் திருத்திக் கேம்பியர் செடியும் மிளகும் பயிரிடச் சீனத் தலைவர்களுக்கு உரிமைச் சீட்டு வழங்கினார். அத்தலைவர் காங்சூ எனப்பட்டார். அவருடைய குடியிருப்பு காங்கார். காங்கார் பூலாய், காங்கார் தெப்ராவ் என்ற ஊர்ப்பெயர்கள் இன்றும் வழங்குகின்றன. தம் எல்லைக்குள் அபின், சாராயம் விற்கவும் சூதாட்டம் நடத்தவும் காங்சூவுக்கு உரிமை இருந்தது. காட்டு வேலையின் உடல்வலிக்குக் கூலிகள் அபின் புகைத்தார்கள். கையில் வாங்கிய கூலி அதே குடியிருப்பின் அபின் கடைக்குத் திரும்பியது. அந்த அபினில் பெரும்பங்கு பிகாரிலும் காசிப் பகுதியிலும் விளைந்து, பிரிட்டிஷ் ஆட்சியின் கல்கத்தா ஏலத்தில் விலைபோய்க் கப்பலேறியது. காங்சூ முறை 1917இல் முடிவுக்கு வந்தது. அதற்குள் ரப்பர் பரவி, தமிழ்த் தொழிலாளர்களும் வந்து சேர்ந்திருந்தனர். தோட்டங்களில் அபின் கடையின் வேலையைக் கள்ளுக்கடை செய்தது.

இரண்டாம் உலகப் போருக்குப் பின் 1946இல் மலாயாவில் அபின் தடை செய்யப்பட்டது. அபாயகர போதைப்பொருள் சட்டம் 1952இல் வந்தது. 1970களில் தென்கிழக்காசியாவின் தங்க முக்கோணப் பகுதியின் ஹெராயின் நாடெங்கும் பரவியது. 1983 பிப்ரவரி 19 அன்று பிரதமர் மகாதீர், போதைப்பொருளை நாட்டுப் பாதுகாப்புக்கு மிரட்டல் என்று அறிவித்தார். அதே ஆண்டின் சட்டம், பழக்கத்துக்கு அடிமையானவரை இரண்டு ஆண்டுவரை மறுவாழ்வு மையத்தில் வைக்க வழிசெய்தது. கட்டுப்பாடும் உடற்பயிற்சியும் அங்கு நிறைய இருந்தன. மருந்து இல்லை. வெளியே வந்தவர்களில் பலர் மீண்டும் ஹெராயினுக்கே போனார்கள். அதை அவர்களுடைய மனவுறுதிக் குறைவு என்று ஊர் சொன்னது. சிகிச்சையின் குறை என்று சொல்ல வெகு காலம் பிடித்தது.

மாற்றத்தைக் கொண்டுவந்தது எச்.ஐ.வி. ஊசியைப் பகிர்ந்துகொண்டதால் தொற்று பெருகி, 2002இல் மட்டும் நாட்டில் 6,978 பேருக்குப் புதிதாகக் கண்டறியப்பட்டது. 2005இல் அரசு மெத்தடோன் சிகிச்சையைத் தொடங்கியது. 2006இல் சுத்தமான ஊசி வழங்கும் திட்டம் முதலில் மூன்று நகரங்களில் சோதிக்கப்பட்டது: பினாங்கு, கோலாலம்பூர், ஜொகூர் பாரு. போதைக்கு அரசே துணைபோவதா என்று எதிர்ப்பு எழுந்தது. ஆனால் அடுத்த ஆண்டுகளில் ஊசிவழித் தொற்று செங்குத்தாகச் சரிந்தது.

மெத்தடோனும் ஓர் அபின்வகை மருந்துதான். பெரும்பாலும் திரவமாக, நாளுக்கு ஒருமுறை, தொடக்கத்தில் மருத்துவப் பணியாளர் கண்ணெதிரே குடிக்க வேண்டும். சரியான அளவில் எடுத்தால், அது மெல்ல வேலை செய்வதால் மயக்கமும் வராது, போதையை நிறுத்தும்போது வரும் மூக்கொழுகலும் வயிற்றுப்பிடிப்பும் உடல்நடுக்கமும் தலைகாட்டாது. ஆள் வேலைக்குப் போகலாம். ஒரு போதையை விட்டு இன்னொரு போதை என்று இதை இகழ்வது தவறு. நீரிழிவுக்காரர் நாள்தோறும் இன்சுலின் போடுவதை யாரும் அப்படிச் சொல்வதில்லை.

இன்று மலேசியாவில் மெத்தாம்பெட்டமின் என்ற வேறுவகைப் போதைப்பொருள் ஹெராயினை முந்திவிட்டது. ஆயினும் கோடீன் கலந்த இருமல் மருந்து, டிரமடால் மாத்திரை, மூளையில் அபினைப் போலவே செயல்படும் கெத்தும் இலைச்சாறு ஆகியவை இளைஞர்களைப் பிடிக்கின்றன. இவை கடையிலும் தோட்டத்து மரத்திலும் கிடைப்பதால் வீட்டார் போதை என்றே எண்ணுவதில்லை.

உதவி தேடத் தடையாக நிற்பவை அச்சமும் வெட்கமும். போதைப்பொருள் உட்கொள்வது 1952 சட்டத்தின் 15ஆம் பிரிவின்படி குற்றம். 5,000 ரிங்கிட் வரை அபராதமோ இரண்டு ஆண்டுவரை சிறையோ கிடைக்கலாம். எனவே கிளினிக்குக்குப் போனால் போலீஸ் வரும் என்று குடும்பங்கள் ஒளிக்கின்றன. ஆனால் 1983ஆம் ஆண்டுச் சட்டமே தானாக முன்வந்து சிகிச்சை கேட்க இடம் தருகிறது. தேசிய போதைப்பொருள் தடுப்பு நிறுவனமான ஏஏடிகே, விரும்பி வருவோருக்கான திறந்த மையங்களை 2010 முதல் நடத்துகிறது. மெத்தடோன் அரசுச் சுகாதாரக் கிளினிக்குகளில் கிடைக்கிறது. ஜொகூர் பாருவின் தம்பொய்யில் உள்ள பெர்மாய் மருத்துவமனை மனநல மருத்துவத்துக்கென 1937 முதல் இயங்கிவருகிறது. குடும்பங்களோ முதலில் கோயிலில் நேர்ந்துகொள்கின்றன, அறையில் பூட்டி வைக்கின்றன, 'கல்யாணம் பண்ணி வைத்தால் திருந்திடுவான்' என்று பெண் தேடுகின்றன. வேண்டுதல் மனத்துக்குத் தெம்பு தரலாம். பூட்டி வைப்பது ஆளைக் கொல்லக்கூடும்.

காரணம் இது: சில வாரம் போதை இல்லாமல் இருந்தாலே உடல் பழைய அளவைத் தாங்கும் திறனை இழக்கிறது. சிறையிலிருந்தோ மையத்திலிருந்தோ பூட்டிய அறையிலிருந்தோ வெளியே வந்தவர் பழைய அளவையே எடுத்தால் மூச்சு நின்றுபோகலாம். விடுதலைக்குப் பிந்தைய முதல் வாரங்களில்தான் இத்தகைய மரணங்கள் அதிகம். கண்மணி ஊசிமுனையாகச் சுருங்குவதும், உதடு நீலமாவதும், குறட்டை போன்ற கரகரப்பும், தட்டினாலும் எழாமையும் அளவு மீறிப்போனதன் அடையாளங்கள். தூங்கி எழட்டும் என்று விடக் கூடாது. 999ஐ அழைக்க வேண்டும். மூச்சு இருந்தால் ஒருக்களித்துப் படுக்கவைக்க வேண்டும். மூச்சு இல்லையென்றால் அழைப்பில் உள்ளவர் சொல்லும்படி முதலுதவி செய்ய வேண்டும். என்ன எடுத்தார் என்பதை மறைக்காமல் சொல்ல வேண்டும். நாலொக்சோன் என்ற முறிவு மருந்து அபினின் பிடியைச் சில நிமிடங்களில் விடுவிக்கும். அதன் வீரியம் ஹெராயினுக்கு முன்பே அடங்கிவிடலாம் என்பதால், கண்விழித்தவர் வீட்டுக்குப் போகிறேன் என்றாலும் மருத்துவமனையிலேயே வைத்திருக்க வேண்டும்.