குடல் செல்களில் அயனிக் கடத்தல்

குடலின் உட்சுவர் செல்கள் சோடியம், பொட்டாசியம், குளோரைடு, பைகார்பனேட் முதலிய அயனிகளை உறிஞ்சுவதும் சுரப்பதும் அயனிக் கடத்தல் எனப்படும். மின்னூட்டமுள்ள அயனி கொழுப்பாலான செல் சவ்வைத் தானாகக் கடக்காது. சவ்வில் பதிந்த புரதங்கள் வழிவிட வேண்டும். உணவும் செரிமானச் சுரப்புகளுமாக நாளொன்றுக்கு 8 முதல் 9 லிட்டர் வரை நீர்மம் குடலுக்குள் வருகிறது. மலத்தில் வெளியேறுவது 100–200 மில்லிலிட்டர்தான். மற்றதெல்லாம் அயனிகளைத் தொடர்ந்து உடலுக்குள் சென்றுவிடுகிறது.

இதன் வரலாறு குடலில் தொடங்கவில்லை; தவளையிலும் நண்டிலும் தொடங்கியது. டென்மார்க்கைச் சேர்ந்த ஹான்ஸ் உஸ்ஸிங் தவளைத் தோலை இரு அறைகளுக்கு நடுவே பொருத்தி, அதன் வழியே செல்லும் சோடியத்தை மின்னோட்டமாக அளந்தார். இன்றும் குடல் துண்டுகளை ஆய்வதற்கு அவர் பெயர் தாங்கிய அறையே பயன்படுகிறது. அதே நாட்டின் ஜென்ஸ் ஸ்கூ, 1957இல் நண்டின் நரம்பில் சோடியம்–பொட்டாசியம் எக்கியாகச் செயல்படும் நொதியைக் கண்டறிந்தார். நோபல் பரிசு வர 40 ஆண்டுகள் ஆயின. 1958இல் ரிக்ளிஸ், குவாஸ்டல் இருவரும் கினிப்பன்றிக் குடலில் சர்க்கரை உறிஞ்சப்படச் சோடியம் தேவை என்று காட்டினர். ஆனால் அதன் பொருளை உணர்ந்தவர் அமெரிக்கரான ராபர்ட் கிரேன். 1960 ஆகஸ்டில் பிராக் நகரக் கருத்தரங்கில், சோடியமும் குளுக்கோசும் ஒரே கடத்தியில் சேர்ந்தே உள்ளே நுழைகின்றன என்ற இணைக்கடத்தல் கொள்கையை அவர் முன்வைத்தார். அந்தக் கடத்திக்குரிய மரபணுவை எர்னஸ்ட் ரைட் குழுவினர் 1987இல் பிரித்தெடுத்தனர். எஸ்ஜிஎல்டி1 என்பது அதன் பெயர்.

செல்லின் இரத்தப் பக்கச் சவ்விலுள்ள எக்கி, ஒரு ஏடிபி மூலக்கூற்றைச் செலவழித்து மூன்று சோடியத்தை வெளியேற்றி இரண்டு பொட்டாசியத்தை உள்ளிழுக்கிறது. இதனால் செல்லுக்குள் சோடியம் குறைகிறது. குடற்குழியில் உள்ள சோடியம் உள்ளே பாய்கிறது. இரண்டு சோடியம் நுழையும்போது ஒரு குளுக்கோசும் கூடவே வருகிறது. சோடியத்துக்கு ஹைட்ரஜன் அயனியையும், குளோரைடுக்குப் பைகார்பனேட்டையும் மாற்றிக்கொள்ளும் கடத்திகளும் உண்டு.

காலரா நச்சு செல்லுக்குள் சைக்ளிக் ஏஎம்பியைப் பெருக்கி, சிஎப்டிஆர் எனும் குளோரைடு வாயிலைத் திறந்துவிடுகிறது; வெளியேறும் குளோரைடைத் தொடர்ந்து நீர் குடற்குழிக்குள் கொட்டுகிறது. எஸ்ஜிஎல்டி1 மட்டும் பழுதுபடுவதில்லை. உப்பும் சர்க்கரையும் கலந்த ஓஆர்எஸ் கரைசல் உயிர்காப்பது இதனால்தான். 2002 முதல் உலக சுகாதார அமைப்பு பரிந்துரைக்கும் கரைசலில் சோடியமும் குளுக்கோசும் லிட்டருக்கு 75 மில்லிமோல் வீதம் சம அளவில் உள்ளன.

பெருங்குடலில் சோடியம் உறிஞ்சப்படுவதை ஆல்டோஸ்டிரோன் இயக்குநீர் கூட்டுகிறது.