ஒரே திக்கல், இரண்டு கோளாறுகள்

'தி கலிஸ்டோ புரோட்டோகால்' 2022 டிசம்பர் 2-ஆம் தேதி வெளிவந்தது. 'தி லாஸ்ட் ஆஃப் அஸ் பார்ட் ஒன்' கணினிக்கு வந்தது 2023 மார்ச் 28. இடையில் நான்கு மாதம்கூட இல்லை. இரண்டும் பெரும் செலவில் உருவான கேம்கள். பிளேஸ்டேஷன் 5-இல் ஓடியது போல இரண்டுமே கணினியில் ஓடவில்லை, திக்கித் திணறின. வாங்கியவர்கள் இரண்டுக்கும் ஒரே மாதிரிதான் திட்டினார்கள். இரண்டுக்கும் கிடைத்த யோசனையும் ஒன்றுதான்: டிரைவரைப் புதுப்பி, ஷேடர் கேஷை அழி, செட்டிங்கைக் குறை, எதற்கும் மசியாவிட்டால் புதுக் கிராஃபிக்ஸ் கார்டு வாங்கு.

உள்ளே நடந்ததோ வேறு வேறு. முதல் கேமில் கார்டு வேலை இல்லாமல் காத்திருந்தது; இரண்டாவதில் கார்டுக்கு இடம் போதவில்லை. ஒன்றுக்குச் சொல்லும் வழி மற்றதற்கு உதவாது. சில நேரம் நிலைமையை மோசமாக்கும். கேம் திக்குகிறது என்று வருகிறவர்களிடம் முதலில் பிரித்துப் பார்க்கச் சொல்ல வேண்டியது இந்த இரண்டைத்தான்.

அதற்கு முன் அளவுகோலைச் சரிசெய்துகொள்ள வேண்டும். நொடிக்கு 60 ஃப்ரேம் ஓடும் கேமில் ஒரு ஃப்ரேமுக்குக் கிடைக்கும் நேரம் ஏறக்குறைய 16.7 மில்லிநொடி, 100 ஃப்ரேம் என்றால் 10 மில்லிநொடி. நூறு ஓடும் கேமில் ஒரே ஒரு ஃப்ரேம் மட்டும் 150 மில்லிநொடி எடுத்துக்கொள்கிறது என்று வைத்துக்கொள்வோம். அந்த நொடியின் மீதி 850 மில்லிநொடியில் 85 ஃப்ரேம் வந்துவிடும். திரையின் மூலையில் இருக்கும் எஃப்.பி.எஸ். எண் 86 என்று நிம்மதியாகக் காட்டும். ஆடுபவரின் கண் மட்டும் படம் நின்றுபோனதைப் பார்த்துவிட்டது. டெக் ரிப்போர்ட் தளத்தின் ஸ்காட் வாஸன் 2011-இல் இந்தச் சராசரிக் கணக்கின் ஓட்டையைக் காட்டி, ஒவ்வொரு ஃப்ரேமும் எடுத்த நேரத்தைத் தனித்தனியே அளக்க வேண்டும் என்று வாதாடினார். கார்டு விமர்சனங்கள் மெல்ல அந்த வழிக்கு வந்தன. இன்று அந்த அளவீடு யார் கைக்கும் எட்டும்: எம்.எஸ்.ஐ. ஆஃப்டர்பர்னரோடு வரும் ரிவாட்யூனர், இன்டெல்லின் பிரசென்ட்மான், இரண்டும் இலவசம். ஃப்ரேம் நேர வரைபடத்தைப் பார்க்காமல் திக்கலைப் பற்றிப் பேசுவது வெறும் ஊகம்.

கலிஸ்டோவுக்கு வருவோம். ஒரு சுவரில் ஒளி எப்படி விழ வேண்டும், புகை எப்படிக் கலைய வேண்டும், ஈரத்தரை எப்படி மினுங்க வேண்டும் என்று கார்டுக்குச் சொல்லும் சிறு நிரல்தான் ஷேடர். எழுதியபடியே அதைக் கார்டால் ஓட்ட முடியாது. அந்தந்தச் சிப்புக்குப் புரியும் கட்டளைகளாக அதை டிரைவர் மாற்றித் தர வேண்டும். இந்தத் தொகுப்பு வேலை நடப்பது கார்டில் அல்ல, சி.பி.யு.வில். டைரக்ட்எக்ஸ் 11 காலத்தில் டிரைவரே இதில் பெரும்பகுதியைத் திரைமறைவில் சமாளித்தது. 2015-இல் விண்டோஸ் 10-உடன் வந்த டைரக்ட்எக்ஸ் 12 அந்தப் பொறுப்பைக் கேம் எழுதுபவர் தலையில் வைத்தது: ஷேடர்களையும் அவற்றோடு சேரும் நிலைகளையும் கட்டுக்கட்டாக நீயே முன்கூட்டித் தயாரித்துக்கொள். பெரிய கேமில் இந்தக் கட்டுகள் ஆயிரக்கணக்கில் வரும். எதைத் தயாரிக்க விட்டுப்போயிற்றோ, அது முதன்முதலாகத் திரையில் தேவைப்படும் கணத்தில்தான் தொகுக்கப்படும். பந்தியில் இலை போட்ட பிறகு அரிசி களைவது போன்ற கதை. முதல் முறை துப்பாக்கி வெடிக்கும்போது, முதல் முறை தீப்பொறி பறக்கும்போது, படம் நிற்கும். கார்டு கையைக் கட்டிக்கொண்டு நிற்கும்.

அன்ரியல் என்ஜின் 4-இல் செய்த கலிஸ்டோவில் இது வெளியீட்டு நாளன்றே அப்பட்டமாகத் தெரிந்தது. மிக விலையுயர்ந்த கார்டு வைத்திருந்தவர்களும் தப்பவில்லை, தப்பவும் முடியாது. தாமதம் கார்டில் இல்லையே. விரைவிலேயே திருத்தம் வந்தது. இந்த வகைத் திக்கல் பெருமளவு அடங்கியது. யாரும் புதுக் கார்டு வாங்கத் தேவைப்படவில்லை.

நாட்டி டாக் நிறுவனத்தின் 'லாஸ்ட் ஆஃப் அஸ்' இந்தப் பாடத்தை முன்னதாகவே படித்திருந்தது. முதன்முறை திறந்ததும் முகப்பிலேயே ஷேடர் தொகுப்பைத் தொடங்கிவிடும். சாதாரண சி.பி.யு. வைத்திருந்தவர்கள் அரை மணிக்கும் மேலாகக் காத்துக்கிடந்தார்கள். ஸ்டீமில் பணத்தைத் திரும்பக் கேட்க வேண்டுமானால் இரண்டு மணி நேரத்துக்கும் குறைவாகவே ஆடியிருக்க வேண்டும். அந்த இரண்டு மணியில் கணிசமான பங்கைத் தொகுப்புப் பட்டையே தின்றுவிட்டது என்று பலர் எரிச்சல்பட்டதில் நியாயம் இருந்தது. எப்படியோ, கலிஸ்டோவின் கோளாறுக்கு இங்கே முன்கூட்டியே கதவடைத்துவிட்டார்கள். அப்படியும் திக்கியது.

காரணம் வி-ரேம், அதாவது கார்டின் சொந்த நினைவகம். ஆர்.டி.எக்ஸ். 3070-ஐ எடுத்துக்கொள்வோம். 2020 அக்டோபரில் 499 டாலருக்கு வந்த கார்டு. கணக்கிடும் வலிமையில் அதைக் குறை சொல்ல முடியாது. நினைவகம் மட்டும் 8 ஜி.பி. அந்த 8 ஜி.பி.க்குள் இருக்கும் டெக்ஸ்சரை, அதாவது சுவர், துணி போன்ற பரப்புகளுக்குப் போர்த்தும் படங்களை, சிப் நொடிக்கு 448 ஜி.பி. வேகத்தில் படிக்கும். உள்ளே இடமில்லாமல் கணினியின் ரேமுக்குத் தள்ளப்பட்ட டெக்ஸ்சர், பி.சி.ஐ. எக்ஸ்பிரஸ் 4.0-இன் 16 தடங்கள் வழியே வந்தாக வேண்டும். அங்கே உச்ச வேகம் நொடிக்குச் சுமார் 32 ஜி.பி.; மதர்போர்டு பழைய 3.0 என்றால் அதிலும் பாதி. பதினான்கில் ஒரு பங்கு, அல்லது இருபத்தெட்டில் ஒரு பங்கு. படம் நிற்காமல் என்ன செய்யும்? உயர்தர டெக்ஸ்சரில் 8 ஜி.பி. கார்டு திணறியது, ஒரு படி இறக்கினால் சுவரும் துணியும் பல தலைமுறை பின்னே போய்விட்டதுபோல் மங்கின. அடுத்தடுத்த திருத்தங்கள் நடுத்தர டெக்ஸ்சரை நன்றாகவே மேம்படுத்தி, நினைவகச் செலவையும் குறைத்தன. ஆக, கேம் எழுதியவர்கள்மீதும் தவறு உண்டு. ஆனால் அவர்களால் 8 ஜி.பி.யை 9 ஆக்க முடியவில்லை.

இந்தக் கோளாறு கார்டுக்கு உள்ளேயே நடந்த ஒரு பழைய வழக்கும் உண்டு. 2014 செப்டம்பரில் வந்த ஜி.டி.எக்ஸ். 970-இல் 4 ஜி.பி. என்று போட்டிருந்தது. அதில் 3.5 ஜி.பி. மட்டுமே முழு வேகம். கடைசி அரை ஜி.பி. மிக மெதுவான தனிப் பகுதி. 2015 ஜனவரியில்தான் இது வெளியே வந்தது. அமெரிக்காவில் கூட்டு வழக்காகி, அடுத்த ஆண்டு கார்டுக்கு 30 டாலர் தர, அதைச் செய்த என்விடியா இசைந்தது. வேகக் குறைவுக்காக வந்த வழக்கு என்பதைவிட, பெட்டியில் எழுதியிருந்ததை நம்பியவர்கள் போட்ட வழக்கு என்று சொல்வதே சரி.

இரண்டு கோளாறுகளையும் சேர்த்துப் பார்த்தால் ஊற்று ஒன்றாகத் தெரிகிறது: கன்சோலில் இருந்த இரண்டு வசதிகள் கணினியில் இல்லை. பிளேஸ்டேஷன் 5 எல்லாவற்றிலும் கிராஃபிக்ஸ் சிப் ஒரே வகை. ஆகவே ஷேடர்களைத் தொழிற்கூடத்திலேயே தொகுத்து கேமோடு அனுப்பிவிடலாம். அதன் 16 ஜி.பி. நினைவகமும் சி.பி.யு.வுக்கும் கிராஃபிக்ஸுக்கும் பொது; வி-ரேம் இந்தப் பக்கம், ரேம் அந்தப் பக்கம் என்ற வேலியே இல்லை. கணினியில் எத்தனை கார்டு, எத்தனை டிரைவர் பதிப்பு! முதல் வசதி போனதால் வந்தது கலிஸ்டோவின் திக்கல். இரண்டாவது போனதால் வந்தது லாஸ்ட் ஆஃப் அஸின் திக்கல். வால்வ் நிறுவனத்தின் ஸ்டீம் டெக் இதற்கு நல்ல சாட்சி. கணினி கேம்களையே ஓட்டும் கைக்கருவி அது. ஆனால் எல்லாக் கருவியிலும் சிப் ஒரே வகை என்பதால் தொகுத்த ஷேடர்களை வால்வ் முன்கூட்டியே இறக்கித் தருகிறது, 16 ஜி.பி. நினைவகமும் பொது. 2022-இல் 'எல்டன் ரிங்' பெரிய கணினிகளில் திக்கியபோது, பலமடங்கு வலிமை குறைந்த இந்தக் கருவி அந்தத் தொல்லையில் பெரும்பகுதியைத் தவிர்த்தது. அங்கும் ஒரு எச்சரிக்கை: அந்தக் கேமின் பெரிய தடங்கல்களுக்கு முதன்மைக் காரணம் ஷேடர் அல்ல, சில இடங்களில் கேம் ஒரே மூச்சில் ஆயிரக்கணக்கான வளங்களை உருவாக்குவதுதான் என்று வால்வின் பொறியாளர் பியர்-லூ கிரிஃபே விளக்கினார். முதல் முறை திக்கியதெல்லாம் ஷேடர் திக்கல் ஆகிவிடாது.

இனி வீட்டில் பிரித்தறிவது எப்படி? ஒரே பாதையில் இரண்டு முறை நடந்து பாருங்கள். திக்கிய இடத்தைச் சேமித்துவைத்து, திரும்பப் போய், அதே கதவைத் திறந்து, அதே எதிரியைச் சுடுங்கள். முதல் முறை வரைபடத்தில் ஊசிபோல் எழுந்த கோடு இரண்டாம் முறை எழவில்லை என்றால், பெரும்பாலும் ஷேடர்தான். ஒருமுறை தொகுத்தது கேஷில் தங்கிவிட்டது. வி-ரேம் கோளாறு இதற்கு நேர் எதிராக நடந்துகொள்ளும். தொடக்கத்தில் சுத்தமாக ஓடும். அரை மணி, ஒரு மணி கழித்து, இரண்டு மூன்று பகுதிகளைக் கடந்த பிறகு மோசமாகும். கேமை மூடித் திறந்தால் கொஞ்ச நேரம் நல்ல பிள்ளையாக இருக்கும். ஆடஆட ஒன்று குறையும், மற்றது கூடும். டிரைவரைப் புதுப்பித்தால் வி-ரேம் கோளாறில் பெரும்பாலும் எதுவும் மாறாது. ஷேடர் கோளாறோ புத்துயிர் பெறும். பழைய டிரைவருக்காகத் தொகுத்தவை புதியதற்குச் செல்லாது, எல்லாம் முதலிலிருந்து. ஷேடர் கேஷை அழி என்று எல்லோருக்கும் பொதுவாகச் சொல்லப்படும் யோசனை இந்த இடத்தில் எவ்வளவு அபத்தம் பாருங்கள். கேஷ் கெட்டுப்போயிருந்தால் ஒழிய, அழிப்பது திக்கலை நாமே திரும்ப அழைத்து வருவதுதான். என்விடியாவின் கண்ட்ரோல் பேனலில் ஷேடர் கேஷின் அளவைக் கூட்டிவைக்க இடம் இருக்கிறது. அதைச் செய்வது மேல்.

டெக்ஸ்சர் அளவைக் குறைப்பது இன்னொரு உரைகல். ஒரு படி இறக்கியதும் திக்கல் நின்றால் வழக்கு முடிந்தது: வி-ரேம். ஷேடர் திக்கலை அது தொடவே தொடாது. விண்டோஸின் டாஸ்க் மேனேஜரில் ஜி.பி.யு. பக்கத்தைத் திறந்து வைத்தும் பார்க்கலாம். 'டெடிகேட்டட்' நினைவகம் நிரம்பி நிற்க, 'ஷேர்டு' நினைவகம் ஏறிக்கொண்டே போனால் சரக்கு வெளியே வழிகிறது என்று பொருள். நிரம்பியிருப்பதை மட்டும் பார்த்துப் பயப்பட வேண்டாம். பல கேம்கள் கிடைக்கிற இடத்தையெல்லாம் முன்பதிவு செய்துவிட்டு, பாதியைத் தொடாமலே வைத்திருக்கும்.

வேடதாரிகளும் உண்டு. சூட்டினால் கார்டு வேகத்தைக் குறைத்துக்கொண்டால், தனித்தனி ஊசிகளுக்குப் பதில் வரைபடம் மொத்தமாக மேலேறி அங்கேயே நிற்கும்; விசிறியையும் தூசியையும் பாருங்கள். 2023-இன் 'ஸ்டார் வார்ஸ் ஜெடை: சர்வைவர்' போன்ற கேம்களில் ஒரு பகுதியிலிருந்து அடுத்ததற்குக் கால்வைக்கும்போது வரும் திக்கல், எத்தனை முறை நடந்தாலும் அதே இடத்தில் வரும். அது கேமின் கட்டுமானக் குறை. கார்டை மாற்றினாலும் டெக்ஸ்சரைக் குறைத்தாலும் போகாது.

ஷேடர், வி-ரேம் என்ற இரண்டு கோளாறுகளில் எது மன்னிக்கத்தக்கது என்று கேட்டால், முதலாவதுதான் என்பேன். அலட்சியத்தால் வந்தது, திருத்தத்தால் போகிறது. தீர்வுகளும் வந்துகொண்டே இருக்கின்றன. அன்ரியல் என்ஜின் 5.1 முதல் ஷேடர் கட்டுகளை முன்கூட்டித் தயாரிக்கும் ஏற்பாடு என்ஜினிலேயே இருக்கிறது. தொகுத்த ஷேடர்களைக் கேமோடு சேர்த்தே இறக்கித் தரும் திட்டத்தை மைக்ரோசாஃப்ட் 2025-இல் அறிவித்தது. ஸ்டீம் டெக் செய்ததை விண்டோஸுக்கும் கொண்டுவரும் முயற்சி அது. இரண்டாவது கோளாறு தொழிற்சாலையிலேயே பற்றவைக்கப்பட்டது. 2023-இல் ஆர்.டி.எக்ஸ். 4060 டி.ஐ. மே மாதம் 8 ஜி.பி.யுடன் 399 டாலருக்கும், ஜூலையில் 16 ஜி.பி.யுடன் 499 டாலருக்கும் வந்தது. சிப் ஒன்றே, நினைவக வேகமும் ஒன்றே. மாறியது கொள்ளளவு மட்டும். யாரோ வேண்டுமென்றே நடத்திய சோதனை மாதிரி இருந்தது. நினைவகம் அதிகம் கேட்கும் கேம்களில் 8 ஜி.பி. கார்டு திக்கிய இடத்தில் 16 ஜி.பி. கார்டு சரளமாக ஓடியது.

ஆகவே புதுக் கார்டு வாங்க ரிச்சி தெருவுக்குக் கிளம்புமுன் அந்த இரண்டாவது நடையை நடந்து பாருங்கள். திக்கல் அதில் மறைந்துவிட்டால் பணத்தைப் பையிலேயே வைத்துக்கொண்டு, திருத்தம் வரும்வரை வேறு கேம் ஆடுங்கள். நேரம் ஆகஆகக் கூடினால் டெக்ஸ்சரை இறக்குங்கள். அது பிடிக்கவில்லை என்றால் மட்டும் புதுக் கார்டு, அதுவும் சிப்பின் பெயரைவிட நினைவக அளவை முதலில் பார்த்து. கடையில் இரண்டு பெட்டியும் ஒரே பெயரில் இருக்கும். 2025 ஏப்ரலில் வந்த ஆர்.டி.எக்ஸ். 5060 டி.ஐ.யும் அப்படித்தான்: வந்தபோது 8 ஜி.பி. 379 டாலர், 16 ஜி.பி. 429 டாலர்.