ஒரு மைதானத்தின் கடன்: மொன்றியல் எக்ஸ்போஸ் அணியின் கதை

2004 செப்ரெம்பர் 29. மொன்றியல் ஒலிம்பிக் மைதானத்தில் 31,395 பேர் கூடியிருந்தார்கள். அந்த வருசம் பெரும்பாலான நாட்களில் காலியாகக் கிடந்த இருக்கைகள் அவை. எக்ஸ்போஸ் என்ற பேஸ்போல் அணி வாஷிங்டனுக்கு இடம்மாறுகிறது என்ற அறிவிப்பும் அன்றைக்குத்தான் வந்தது. சொந்த மண்ணில் ஆடிய கடைசி ஆட்டத்தில் அது 9-1 என்று புளோரிடா மார்லின்ஸ் அணியிடம் தோற்றது. மார்லின்ஸின் உரிமையாளர், மூன்று வருசத்துக்கு முன்னர் இதே எக்ஸ்போஸின் உரிமையாளராக இருந்தவர். அந்தக் கதைக்குப் பிறகு வருவோம்.

மொன்றியல் என்றால் எங்களில் பலருக்கு மாமா வீடு, சித்தி வீடு. குளிர், பிரெஞ்சு மொழி, ஐஸ் ஹொக்கி. அங்கே 36 வருசம் ஒரு பேஸ்போல் அணி இருந்தது என்பது எங்களுக்குப் பெரிதாகத் தெரியாது. பேஸ்போல் எங்கட விளையாட்டும் இல்லை. ஆனால் இந்தக் கதையை மெனக்கெட்டு வாசிக்க ஒரு காரணம் இருக்கிறது. ஒரு விளையாட்டு மைதானத்துக்கு ஆர் காசு குடுக்கிறது, அந்தக் காசு வேறு எதிலிருந்து வெட்டப்படுகிறது என்ற கேள்வியை ஒரு முழு நகரமே நேருக்கு நேர் கேட்ட இடம் அது.

முதலில் ஒரு சின்ன விளக்கம். வட அமெரிக்காவில் ஒரு அணி ஊருக்குச் சொந்தமில்லை, உரிமையாளருக்குச் சொந்தம். எல்.பி.எல்., ஐ.பி.எல். பார்த்துப் பழகின எங்களுக்கு இது விளங்கும். ஆனால் அங்கே இன்னொரு விசயமும் உண்டு. மொத்த அணிகளின் எண்ணிக்கையை லீக்கே தீர்மானிக்கிறது. அணி கேட்டு நிற்கிற நகரங்கள் எப்போதும் வரிசையில் இருக்கின்றன. அதனால் உரிமையாளர் ஒருவர் நகரசபையிடம் போய், "புது மைதானம் கட்டித் தாங்கோ, இல்லாட்டி வேற ஊருக்குப் போறோம்" என்று சொல்ல முடியும். சொல்லியும் இருக்கிறார்கள், பல ஊர்களில், பல தடவை. ரசிகர்களின் பாசம்தான் அந்தப் பேரத்தில் பிணையாக வைக்கப்படுவது.

எக்ஸ்போஸ் 1969 இல் பிறந்தது. அமெரிக்காவுக்கு வெளியே அமைந்த முதலாவது மேஜர் லீக் பேஸ்போல் அணி அதுதான். 1967 இல் மொன்றியலில் நடந்த எக்ஸ்போ 67 என்ற உலகக் கண்காட்சியின் பெயரையே அணிக்கும் வைத்தார்கள். முதல் பருவத்தில் 110 ஆட்டங்கள் தோல்வி, 52 வெற்றி. ஆனாலும் சனம் விரும்பிப் போனது. ஜரி பார்க் என்ற சின்ன மைதானம், ஏறத்தாழ 28,500 இருக்கைகள், வலதுபக்க எல்லைக்கு அப்பால் ஒரு நீச்சல் தடாகம். பெரிதாக அடித்தால் பந்து தண்ணீருக்குள் விழும்.

1977 இல் அணி ஒலிம்பிக் மைதானத்துக்கு மாறியது. பிரச்சினை அங்கேதான் தொடங்குகிறது.

1976 ஒலிம்பிக்குக்காக மேயர் ஜான் ட்ரப்போ கட்டுவித்த மைதானம் அது. ஆண் பிள்ளை பெற்றாலும் பெறலாம், ஒலிம்பிக்கால் நட்டம் வராது என்ற கருத்தில் அவர் பேசியது பிரபலம். போட்டிகள் நடந்தபோது மைதானத்தின் சாய்ந்த கோபுரமும் கூரையும் கட்டி முடிந்திருக்கவில்லை. கூரை வந்தது 1987 இல். திறந்து மூடக்கூடிய கூரை என்றார்கள். சில வருசங்களிலேயே அது கிழியத் தொடங்க, திறப்பதையே விட்டுவிட்டார்கள். 1991 செப்ரெம்பரில் 55 தொன் கொங்கிறீற்றுத் துண்டு ஒன்று நடைபாதையில் விழுந்தது. அதிர்ஷ்டவசமாக ஒருவருக்கும் காயமில்லை. அந்தப் பருவத்தில் மிஞ்சியிருந்த சொந்த ஊர் ஆட்டங்களை எக்ஸ்போஸ் வெளியூர்களில்தான் ஆட வேண்டியிருந்தது. 1998 இல் போட்ட புதுக் கூரை 1999 ஜனவரியில் பனிப்பாரம் தாங்காமல் கிழிந்தது.

வட்டியும் திருத்தவேலைகளும் சேர்ந்து மைதானத்தின் செலவு சுமார் ஒன்றரை பில்லியன் கனேடிய டொலருக்குப் போனது. சிகரெட்டுக்குப் போட்ட விசேட வரியும் அதை அடைக்கப் பயன்பட்டது. கடன் தீர்ந்தது 2006 இல், அதாவது ஒலிம்பிக் முடிந்து 30 வருசத்துக்குப் பிறகு, எக்ஸ்போஸ் போய் இரண்டு வருசத்துக்குப் பிறகு. வட்ட வடிவத்தால் மைதானத்துக்கு "பிக் ஓ" என்று செல்லப்பெயர். ஆங்கிலத்தில் "ஓ" என்ற எழுத்துக்கும் கடன்பட்டிருப்பதைக் குறிக்கிற சொல்லுக்கும் ஒரே ஒலிதான். மொன்றியல் சனத்துக்கு வேறு பகிடி தேவைப்படவில்லை.

இந்த மைதானத்துக்குப் பணத்தால் மட்டும் விலை கொடுக்கவில்லை. ஒலிம்பிக் மைதானத்தின் தரை செயற்கைப் புல். அந்தக் காலத்துச் செயற்கைப் புல் என்றால் கடினமான தளத்தின் மேல் விரித்த ஒரு மெல்லிய கம்பளம்தான். ஒரு பருவத்தில் 162 ஆட்டங்கள், அதில் பாதி சொந்த ஊரில். வெளிக்களத்தில் நிற்கிற வீரர் ஒவ்வொரு நாளும் அதில் பாய்ந்து ஓடி, சட்டென்று நின்று, திரும்ப வேண்டும்.

அன்ட்ரே டோசன் அப்படி 10 வருசம் ஓடினார். பள்ளிக்கூடக் காலத்தில் அமெரிக்கன் ஃபுட்போல் ஆடியபோதே முழங்காலில் அடிபட்டவர். மொன்றியல் தரை அதை இன்னும் மோசமாக்கியது. வாழ்க்கையில் அவருக்கு நடந்த முழங்கால் சத்திரசிகிச்சைகள் 10 ஐத் தாண்டும். 1986 முடிவில் ஒப்பந்தம் முடிந்தபோது, இயற்கைப் புல் உள்ள மைதானம் வேண்டும் என்பதற்காகவே சிகாகோ கப்ஸ் அணிக்குப் போக விரும்பினார். அணி உரிமையாளர்கள் எல்லாரும் இரகசியமாகக் கூட்டுச் சேர்ந்து, ஒப்பந்தம் முடிந்த வீரர்களை எடுக்காமல் சம்பளத்தை அமுக்கிய காலம் அது. டோசன் தொகை எழுதாத ஒப்பந்தத்தை கப்ஸிடம் கொடுத்து, நீங்களே நிரப்புங்கள் என்றார். 5 லட்சம் டொலர் அடிப்படைச் சம்பளம் என்று நிரப்பினார்கள். முன்பு வாங்கியதைவிட நல்லாக் குறைவு. அந்த 1987 பருவத்திலேயே 49 ஹோம் ரன் அடித்து, லீக்கின் மிகப் பெறுமதியான வீரர் விருதை எடுத்தார். பதிவேட்டில் அது ஒரு வீரர் அணி மாறிய செய்தி. எங்களுக்கு அது ஒரு தொழிலாளி தன் வேலைத்தளம் உடம்பைத் தின்னுது எண்டு விளங்கி, குறைந்த சம்பளத்துக்கு வெளியேறின கதையாகவும் படுகிறது.

பிறகு 1994. பிலிப்பே அலூ பயிற்றுவித்த அந்த அணியைப் பற்றி மொன்றியலில் இன்றைக்கும் கதைக்கிறார்கள். பெட்ரோ மார்ட்டினெஸ், லாரி வோக்கர், மார்க்கிஸ் கிரிஸம், அலூவின் மகன் மொய்சஸ். மொய்சஸ் முதல் வருசம்தான் சென்ற் லூயிஸில் செயற்கைப் புல்லில் கால் மாட்டி, கணுக்கால் முறிந்து கிடந்தவர். திரும்பி வந்து முன்பைவிட நன்றாக ஆடினார். சம்பளப் பட்டியலில் அடிமட்டத்தில் இருந்த அணி, ஓகஸ்ட் நடுவில் 74 வெற்றி, 40 தோல்வியோடு முழு லீக்கிலும் முதலிடம். ஓகஸ்ட் 12 இல் வீரர்களின் வேலைநிறுத்தம் தொடங்கியது. சம்பளத்துக்கு உச்சவரம்பு வைக்க உரிமையாளர்கள் முயன்றதுதான் காரணம். செப்ரெம்பரில் மீதிப் பருவமும் வேர்ல்ட் சீரிஸும் ரத்து. 1995 பருவம் தொடங்குவதற்கு முன்னரே, செலவைக் குறைக்கிறோம் என்று வோக்கர், கிரிஸம், ஜோன் வெற்றலன்ட், கென் ஹில் ஆகிய நாலு பேரையும் நிர்வாகம் விட்டுவிட்டது. ரசிகர்களில் பலர் அத்தோடு போனவர்கள்தான், திரும்பி வரவில்லை. 1983 இல் 23 லட்சத்தைத் தாண்டிய பார்வையாளர் தொகை, 2001 இல் 6 லட்சத்து 43 ஆயிரத்துக்கும் குறைவு.

1997 இல் அணித் தலைவர் கிளோட் புரோஷு ஒரு திட்டம் கொண்டு வந்தார். நகர மையத்தில் 35,000 இருக்கையோடு ஒரு திறந்தவெளி மைதானம், செலவு 250 மில்லியன் கனேடிய டொலர். அதில் பெரும்பங்கை கியூபெக் மாகாண அரசு போட வேண்டும். அவர் சொன்ன நியாயங்கள் சும்மா தள்ளிவிடக் கூடியவை இல்லை. பழைய மைதானம் மையத்திலிருந்து தள்ளி இருந்தது. வருமானம் கனேடிய டொலரில், வீரர்களின் சம்பளம் அமெரிக்க டொலரில். 1998 இல் ஒரு கனேடிய டொலர் ஏறத்தாழ 65 அமெரிக்கச் சதம்தான். நாணயம் விழுந்தால் என்ன நடக்கும் என்று எங்களுக்கு ஒருவரும் படிப்பிக்கத் தேவையில்லை.

முதலமைச்சர் லூசியன் புஷார் மறுத்தார். கியூபெக் அப்போது வரவுசெலவுப் பற்றாக்குறையைப் பூச்சியத்துக்குக் கொண்டுவரப் பாடுபட்டுக்கொண்டிருந்தது. மொன்றியலில் வைத்தியசாலைகள் மூடப்பட்டன, தாதியர்கள் வேலையை விட்டுப் போனார்கள். வைத்தியசாலைகளை மூடிக்கொண்டு மைதானத்துக்குக் காசு கொடுப்பதை நியாயப்படுத்த முடியாது, பழைய மைதானத்தின் கடனே இன்னும் தீரவில்லை என்பதுதான் அவரது பதில்.

அதற்குப் பிறகு நடந்தது இறக்கம்தான். 1999 டிசம்பரில் ஓவிய வியாபாரி ஜெஃப்ரி லோரியா அணியின் கட்டுப்பாட்டை வாங்கினார். புது மைதானம் வரவில்லை. 2001 நவம்பரில் இரண்டு அணிகளைக் கலைப்பதற்கு உரிமையாளர்கள் வாக்களித்தார்கள். எக்ஸ்போஸ் அதில் ஒன்று என்று எல்லாருக்கும் தெரியும். மினசோட்டாவில் ஒரு நீதிமன்றத் தடை வந்ததால் அந்தத் திட்டம் நின்றது. 2002 இல் லோரியா அணியை லீக்கிடமே 120 மில்லியன் அமெரிக்க டொலருக்கு விற்றுவிட்டு மார்லின்ஸை வாங்கினார். மற்ற 29 அணிகளின் உரிமையாளர்களே எக்ஸ்போஸுக்கும் உரிமையாளர்கள் என்ற நிலை. உன்னோடு போட்டி போடுபவர்தான் உனக்குச் சம்பளம் போடுகிறவர்!

2003 இல் அது என்ன அர்த்தம் என்று விளங்கியது. சொந்த ஊர் ஆட்டங்களில் 22 ஐப் புவேர்ட்டோ ரிக்கோவின் சான் ஹுவானில் ஆட வைத்தார்கள், அங்கே வசூல் அதிகம் என்பதால். அணியின் மிகச் சிறந்த வீரர் விளாடிமிர் கெரேரோ முதுகுக் காயத்தால் பல வாரம் ஆடவில்லை. இவ்வளவுக்கும் நடுவில், ஓகஸ்ட் கடைசியில் பின்சுற்றுக்குத் தெரிவாகும் போட்டியில் அணி முன்னணியில் சமமாக நின்றது. செப்ரெம்பரில் எல்லா அணிகளும் கீழ்மட்ட லீக்குகளிலிருந்து மேலதிக வீரர்களை எடுப்பது வழக்கம். களைத்தவர்களுக்கும் காயப்பட்டவர்களுக்கும் அதுதான் ஓய்வு. எக்ஸ்போஸுக்கு அதற்குரிய செலவை லீக் தர மறுத்தது. அணி சரிந்தது. அடுத்த வருசம் கெரேரோவும் போனார்.

கணக்கைப் பார்ப்போம். 120 மில்லியனுக்கு வாங்கிய அணியை லீக் 2006 இல் 450 மில்லியனுக்கு விற்றது. இடையில் நடந்த பெரிய மாற்றம், வாஷிங்டன் நகரசபை 2004 டிசம்பரில் 7-6 என்ற வாக்கில் பொதுப்பணத்தில் மைதானம் கட்டச் சம்மதித்ததுதான். அந்த மைதானத்துக்கு 600 மில்லியன் டொலருக்கு மேல் போனது. லோரியா மயாமியிலும் பெருமளவு பொதுப்பணத்தில் மைதானம் கட்டுவித்து, 2017 இல் மார்லின்ஸை 1.2 பில்லியனுக்கு விற்றார். மயாமி-டேட் மாவட்ட மேயரை 2011 இல் வாக்காளர்களே பதவி நீக்கினார்கள்; வரி உயர்வோடு மைதான ஒப்பந்தமும் அந்தக் கோபத்துக்குக் காரணம்.

புஷார் மறுத்தது சரி என்றே நாங்கள் நினைக்கிறோம். ஆனால் அந்த மறுப்பு இலவசமாக வரவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். அதற்கு விலை கொடுத்தது புரோஷுவோ லோரியாவோ இல்லை. அப்பாவோடு ஜரி பார்க்கில் தொடங்கி, பிறகு பிள்ளையைக் கூட்டிக்கொண்டு பிக் ஓவுக்குப் போன சனம்தான். அணியை விற்கும்போதும் அவர்களைக் கேட்கவில்லை, 1976 இல் கடன் படும்போதும் கேட்கவில்லை. 1998 இல் மக்கள் பக்கம் நின்று ஒரு அரசு "இல்லை" என்று சொன்னபோது, முதல் மைதானத்தில் வந்த பிழை ஏற்கெனவே அந்த அணியை அரைவாசி கொன்றுவிட்டிருந்தது.

அந்த மைதானம் இன்னும் நிற்கிறது. 2024 பெப்ரவரியில் கியூபெக் அரசு அதற்குப் புதுக் கூரை போடப் போவதாக அறிவித்தது. செலவு 870 மில்லியன் கனேடிய டொலர். உள்ளே ஆடுவதற்கு ஒரு பேஸ்போல் அணி இல்லை.