ஹார்மோன் எங்கே, பதில் எங்கே: அறிவிப்பு மரபணுக்களின் வரலாறு

தருமபுரி மாவட்டப் பாலக்கோடு வட்டாரத்துத் தக்காளித் தோட்டங்களில் பூ கொட்டத் தொடங்கினால் உரக்கடையில் பிளானோபிக்ஸ் கேட்பது வழக்கம். அதிலுள்ள என்.ஏ.ஏ., ஆக்ஸின் என்ற தாவர ஹார்மோனின் செயற்கை வடிவம். தொலைவூருக்குப் போகும் சரக்கைச் செங்காயாகப் பறித்தால், வழியிலேயே அதைப் பழமாக்குவது எத்திலீன் என்ற மற்றொரு ஹார்மோன். இதே என்.ஏ.ஏ.வை ஆப்பிள் தோட்டங்களில் பிஞ்சு உதிர்க்கவும் தெளிக்கிறார்கள். மருந்து ஒன்று, செடியின் வயதையும் திசுவையும் பொறுத்துப் பதில் நேரெதிர். எந்தச் செல் எப்போது பதில் தருகிறது என்பதைக் காணும் வழி 1980களின் பிற்பாதியில்தான் பிறந்தது. அந்த வழியின் வரலாறு பெரும்பாலும் கருவிகளின் பட்டியலாகவே சொல்லப்படுகிறது. ஹார்மோனின் இருப்பையும் செல்லின் பதிலையும் ஆய்வாளர்கள் படிப்படியாகப் பிரித்தறிந்த கதையாக அதைப் படிப்பதே பொருத்தம் என்பது என் கருத்து.

சார்லஸ் டார்வினும் மகன் பிரான்சிஸும் 1880இல் வெளியிட்ட நூலில், புல் நாற்றின் நுனி ஒளியை உணர, வளைவு அதற்குக் கீழே நிகழ்வதைக் காட்டினர். 1920களில் பிரிட்ஸ் வென்ட், ஓட்ஸ் நாற்று நுனியிலிருந்து கசிந்த பொருளை அகார் துண்டில் பிடித்து, வெட்டிய தண்டின் ஒரு பக்கம் வைத்தார். தண்டு வளைந்த கோணமே ஆக்ஸினின் அளவானது. பின்னர் வேதியியல் அளவீடுகள் நுட்பமாயின. ஆனால் அதற்குத் திசுவை அரைத்தாக வேண்டும். எவ்வளவு என்று தெரிந்தது. எந்தச் செல்லில் என்பது அரைத்ததில் கலந்து போனது.

திருப்பம் 1987இல் வந்தது. கேம்பிரிட்ஜ் தாவரப் பெருக்க நிறுவனத்தில் ரிச்சர்ட் ஜெபர்சன், டோனி கவானா, மைக்கேல் பெவன் மூவரும் ஈ.கோலை பாக்டீரியாவின் கஸ் மரபணுவைத் தாவரத்துக்குள் செலுத்தினர். ஒரு மரபணு எப்போது, எங்கே இயங்கவேண்டும் என்று தீர்மானிப்பது அதன் முன்னே நிற்கும் புரோமோட்டர் பகுதி. அதை வெட்டி கஸ் மரபணுவின் முன்னே ஒட்டினால், புரோமோட்டர் விழித்த செல்லில் கஸ் நொதி உருவாகும்; எக்ஸ்-குளுக் கரைசலில் ஊறவைத்தால் அந்த இடம் நீலமாகும். புரோமோட்டரின் இயக்கத்தை இப்படி வெளிக்காட்டுவதே அறிவிப்பு மரபணு. உயர்தாவரங்களில் இந்த நொதியின் இயல்பான செயல்பாடு மிகக் குறைவு என்பதால் நீலத்தை நம்ப முடிந்தது. அதற்கு முந்தைய ஆண்டே மின்மினியின் லூசிபெரேஸ் மரபணு புகையிலையில் ஒளிர்ந்திருந்தது. எளிமையால் கஸ் முந்திக்கொண்டது.

ஹார்மோன் ஆய்வில் இதைக் கூர்மையாக்கியவர்கள் மிசூரி பல்கலைக்கழகத்தின் டாம் கில்பாயிலும் கிரெட்சன் ஹேகனும். ஆக்ஸின் பட்டதும் விரைந்து விழிக்கும் சோயா மரபணுக்களை அவர்கள் முன்பே கண்டறிந்திருந்தனர். 1991இல் அவற்றுள் ஒன்றின் புரோமோட்டரை கஸ்ஸுடன் சேர்த்துப் புகையிலையில் வைத்தார்கள். தண்டைக் கிடைமட்டமாகக் கிடத்தியபோது கீழ்ப்பக்கத்தில் கஸ் மிகுந்தது. கீழ்ப்பக்கம் ஆக்ஸின் கூடுவதால் தண்டு நிமிர்கிறது என்ற பழைய கோட்பாட்டுக்குத் திசுவிலேயே சான்று கிடைத்தது. இயற்கைப் புரோமோட்டர்கள் பல குறிப்புகளுக்கு இணங்குபவை; எனவே 1997இல் உல்மசோவ் உள்ளிட்ட இக்குழு ஆக்ஸினுக்கான சிறு டி.என்.ஏ. துண்டை ஏழு முறை அடுக்கி டி.ஆர்.5 என்ற செயற்கைப் புரோமோட்டரை அமைத்தது. 1999இல் சபாட்டினியும் சகாக்களும் அதைக் கொண்டு, அரபிடாப்சிஸ் என்ற ஆய்வுச்செடியின் வேர் நுனியில் ஆக்ஸின் பதிலின் உச்சம் இருக்கும் இடத்தைக் காட்டி, வேரின் செல் அமைப்பை அது வழிநடத்துவதாக நிறுவினர்.

இங்கேதான் எச்சரிக்கை தேவைப்பட்டது. நீலம் காட்டுவது ஆக்ஸினை அல்ல. ஆக்ஸின் உணரப்பட்டு, இடைநிலைப் புரதங்கள் அழிந்து, மரபணு இயங்கி, நொதி சேர்ந்த பின்னான நிலையை. ஏற்பியோ இயக்கும் புரதமோ இல்லாத செல்லில் ஆக்ஸின் நிறைந்திருந்தாலும் நீலம் வராது. கஸ் எளிதில் சிதையாததால் பழைய பதிலும் புதியதுபோல் தெரியும். சாயம் ஏற்றத் திசுவைக் கொல்லவும் வேண்டும். ஒளிரும் புரதங்கள் வந்ததும் உயிர்ச்செடியிலேயே பார்க்க முடிந்தது. 2005இல் டி.ஐ.ஆர்.1 புரதமே ஆக்ஸின் ஏற்பி என்று தர்மசிறி, எஸ்டெல் குழுவும் கெபின்ஸ்கி, லெய்சர் இணையும் காட்டினர். அந்த அறிவிலிருந்து 2012இல் பிறந்தது டி.ஐ.ஐ.-வீனஸ்: ஆக்ஸின் வந்தால் அதன் ஒளி அணையும். பதில் சங்கிலியின் கடைசிக்கண்ணியை விட்டு முதற்கண்ணிக்கு நெருங்கிய இந்த நகர்வே வரலாற்றின் முக்கியமான படி என்று கருதுகிறேன். சைட்டோகைனின் என்ற ஹார்மோனுக்கு 2008இல் டி.சி.எஸ். என்ற அறிவிப்பி வந்தது; எத்திலீனுக்கான இ.பி.எஸ்.-கஸ்ஸை டி.ஆர்.5உடன் வைத்து 2007இல் ஸ்டெபனோவா, அலோன்சோ குழு இரண்டு ஹார்மோன்களின் உறவை வேரில் ஆராய்ந்தது.

தக்காளிக்கு வருவோம். இ8 என்ற மரபணு பழுக்கும்போதும், பச்சைக்காய்க்கு எத்திலீன் கொடுத்தாலும் விழிக்கும். 1992இல் டெய்க்மனும் பிஷரும் அதன் முன்பகுதியைத் துண்டுதுண்டாகக் குறைத்துச் சோதித்தபோது, எத்திலீனுக்கு இணங்கும் பகுதியும் பழுத்தலுக்கு இணங்கும் பகுதியும் வேறு வேறாக இருந்தன. எத்திலீன் மட்டும் பழுத்தலை விளக்காது என்பதற்கு இது வலுவான ஆதாரம். டெல்லி தேசியத் தாவர மரபணுத்தொகுதி ஆய்வு நிறுவனத்தில் ஆசிஸ் தத்தா குழு, பழம் இளகுவதில் பங்குள்ள இரண்டு நொதிகளை அடக்கித் தக்காளியின் வைப்புக்காலத்தை நீட்டியதை 2010இல் வெளியிட்டது. 2014இல் அவற்றுள் ஒன்றான பீட்டா-ஹெக்ஸின் புரோமோட்டரை ஆராய்ந்து, எத்திலீனும் ரின் என்ற பழுத்தல் புரதமும் அதை இயக்குவதைக் காட்டியது.

பூ உதிர்வுக்கு இத்தகைய உழைப்பு நம்மிடம் போதவில்லை. தருமபுரி வெயிலில் விளையும் ரகங்களிலேயே ஆக்ஸின், எத்திலீன் அறிவிப்பு மரபணுக்களை ஏற்றி, கட்டுப்பாட்டுக் கூடத்தில் வெப்பத்தைக் கூட்டிப் பூக்காம்பில் பூ கழன்று விழும் இடமான உதிர்மண்டலத்தை நாள்தோறும் பார்க்க வேண்டும். என்.ஏ.ஏ. தெளிக்க ஏற்ற பருவம் எது என்ற கேள்விக்கு அங்கிருந்து செல் அளவில் விடை தேட முடியும்.