மின்சாரம் போனாலும் ஆறும் உலை

செம்பூர், அணுசக்தி நகர்வாசிகளான நம்மவர்களுக்கு டிராம்பே புதிதல்ல. சோவியத் நாட்டை விட்டுப் பார்த்தால் ஆசியாவின் முதல் அணு உலையான 'அப்ஸரா' 1956 ஆகஸ்ட் 4-ல் இங்கேதான் இயங்கத் தொடங்கியது. அன்று முதல் நம் வீடுகளில் கேட்கப்படும் கேள்விகள் இரண்டு: "பத்திரமா? விலை கட்டுப்படியாகுமா?"

உலையை நிறுத்திவிட்டால் ஆபத்து தீர்ந்தது என்று நினைக்கிறோம், இல்லீங்களா? அப்படியல்ல. அடுப்பை அணைத்த பிறகும் தணல் கனல்வது போல, நிறுத்திய கணத்திலும் எரிபொருளில் முழுத்திறனில் சுமார் 6 சதவீத வெப்பம் பிறந்துகொண்டிருக்கும். அது மெல்ல மெல்லத்தான் தணியும். அதுவரை தண்ணீர் சுற்றியாக வேண்டும். பம்புக்கு மின்சாரம் வேண்டும். அதுவே போய்விட்டால்?

1993 மார்ச் 31 அதிகாலையில் உத்தரப் பிரதேசத்தின் நரோராவில் அதுதான் நடந்தது. டர்பைன் தகடு உடைந்து தீப்பிடித்தது, கேபிள்கள் கருகின, 17 மணி நேரம் மின்சாரமில்லை. சூடான நீர் மேலேறும், ஆறிய நீர் கீழிறங்கும் என்ற எளிய விதிதான் உலைக்குள் நீரைச் சுற்ற வைத்தது. நீராவிக் கலன்களுக்குத் தீயணைப்பு டீசல் பம்புகள் தண்ணீர் கொடுத்தன. உலை தப்பியது. 2011-ல் ஜப்பானின் ஃபுகுஷிமாவில் சுனாமி டீசல் ஜெனரேட்டர்களை மூழ்கடித்தபோது மூன்று உலைகள் உருகின.

மும்பையைத் தலைமையிடமாகக் கொண்ட இந்திய அணுமின் கழகம் வடிவமைத்த 700 மெகாவாட் கனநீர் உலையில் அந்த விதியே ஒரு பாதுகாப்பு ஏற்பாடாகச் சேர்க்கப்பட்டது. நீராவி உயரத்திலுள்ள தொட்டிக்குப் போய்க் குளிர்ந்து நீராகித் தானே கீழிறங்கும். பம்பும் வேண்டாம், கரண்டும் வேண்டாம்.

இனி விலை. 220 மெகாவாட்டில் தொடங்கி, தாராப்பூரில் 540 ஆகி, பிறகு 700 ஆனது. 540-க்கும் 700-க்கும் எரிபொருள் குழாய்கள் அதே 392தான். குழாய் முடிவில் நீர் சற்றே கொதிக்க இடம் கொடுத்ததால் அதே அளவு உலை கூடுதல் மின்சாரம் தருகிறது. எரிபொருளும் செறிவூட்டப்படாத இயற்கை யுரேனியமே.

ஆனால் அணுமின்சாரத்தின் விலையில் பெரும்பங்கு கட்டுமானச் செலவும் வட்டியும்தான். குஜராத்தின் காக்ராபாரில் முதல் 700 மெகாவாட் உலைக்கு 2010-ல் கான்கிரீட் போட்டார்கள். வணிக உற்பத்தி தொடங்கியது 2023 ஜூனில். தாமதமாகும் ஒவ்வோர் ஆண்டும் விலையில் ஏறும். ஆகவேதான் 2017-ல் ஒரே வரைபடத்தில் பத்து உலைகளுக்கு மத்திய அமைச்சரவை மொத்தமாக ஒப்புதல் தந்தது.

பாதுகாப்புக்கு நரோரா பாடம் சொல்லிக் கொடுத்தது. குறித்த காலத்தில் கட்டி முடிக்கும் வித்தையை இன்னும் கற்றாக வேண்டும். பொறியியல் படிக்கும் நம் வீட்டுப் பிள்ளைகளுக்கு அதில் நிறைய வேலை காத்திருக்கிறது.